புரட்டாசி விரதமும் ஞாயிறு நீண்ட ஓட்டமும்: ஓர் எலும்புக் காயத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் 31 வயதுப் பெண் ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாத வகையில் சில விவரங்களை மாற்றி இங்கே பதிவு செய்கிறேன். காயம் ஏற்பட்ட பின் அவருடைய மறுவாழ்வுப் பயிற்சியைக் கவனித்த பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், மருத்துவரின் குறிப்புகள், உணவியல் நிபுணரின் குறிப்புகள், அவருடைய கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த பயிற்சி விவரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

அவர் மூன்று ஆண்டுகளாக ஓடிவந்தவர். 158 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் கொண்டவர். பார்வைக்கு மெலிந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐந்து வயதில் ஒரு குழந்தை உண்டு. கோவை மாரத்தான் நாளில் டிசம்பரில் 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான் ஓடுவது என்பது அவருடைய திட்டம். ஜூலை இறுதியில் வாரத்துக்கு 45 கிலோமீட்டரில் தொடங்கிய பயிற்சி, ஒன்பதாவது வாரத்தில் 68 கிலோமீட்டரை எட்டியது. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் குறைக்கப்பட்டது. ஏற்றிய வாரங்களில், அதற்கு முந்தைய ஏற்ற வாரத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடவில்லை. பெரும்பாலான ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் இருந்தன. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மருதமலை மலைச்சாலையில் ஏறி இறங்கும் ஓட்டம் சேர்க்கப்பட்டது. தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத திட்டம். பின்னால் பலரின் கவனம் தவறான திசையில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலி தொடங்கிய விதம்

அக்டோபர் இரண்டாம் வாரம் மருதமலையிலிருந்து இறங்கும்போது இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உட்பக்க விளிம்பில் வலி தெரிந்தது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் இருந்த வலி, அடுத்த வாரம் மூன்றாவது கிலோமீட்டரிலேயே தலைகாட்டியது. அதற்கடுத்த வாரம் அலுவலகத்தில் மாடிப்படி இறங்கும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் வந்தது. ஓட்டக் குழுவில் இதை ‘ஷின் ஸ்பிளின்ட்’ என்று முடிவு செய்து, இரண்டு நாள் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், புதிய காலணி ஆகியவற்றைப் பரிந்துரைத்தார்கள். புதிய காலணி வாங்கப்பட்டது. மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையோடு அவர் அக்டோபர் இறுதிவரை ஓடினார்.

அந்த முடிவு ஏன் பொருந்தாது என்பதை விரலால் தொட்டுப் பார்த்தாலே அறிந்திருக்கலாம். தசையும் எலும்புச் சவ்வும் சேருமிடத்தில் வரும் ஷின் ஸ்பிளின்ட் வலி, எலும்பின் உள்விளிம்பை ஒட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவியிருக்கும். உடல் சூடேறியதும் பல நேரம் அடங்கும். இவருக்கோ கட்டைவிரல் நுனியால் மூடிவிடக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்தது, ஓட ஓடக் கூடியது, ஓய்விலும் நின்றது. என்னிடம் வந்த அன்று இடது காலில் மட்டும் ஒருமுறை குதிக்கச் சொன்னபோது, தரையிறங்கிய கணத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முறை குதிக்கச் சொல்லவில்லை.

பரிசோதனைகள்

அக்டோபர் இறுதியில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அழுத்தத்தால் வரும் எலும்புக் காயம் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலிருப்பதே வழக்கம் என்பதால், அதை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. நவம்பர் முதல் வாரம் எடுத்த எம்ஆர்ஐயில் டிபியா எனப்படும், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. முறிவுக் கோடு இல்லை. நான்கு நிலைகள் கொண்ட ஃபிரெடரிக்சன் அளவுகோலில் இது மூன்றாம் நிலை. காயம் எலும்பின் பின்-உட்பக்கத்தில் இருந்தது நல்ல செய்தி, ஏனெனில் அது பொதுவாக நன்றாக ஆறும் இடம். அதே எலும்பின் முன்பக்கத்திலோ தொடையெலும்பின் கழுத்திலோ இருந்திருந்தால் அறுவை சிகிச்சை வரை பேச வேண்டியிருந்திருக்கும்.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 நானோகிராம், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11, ஹீமோகுளோபின் 11.4 என்று வந்தது. மூன்றுமே குறைவு. தைராய்டு, புரோலாக்டின் அளவுகளில் மாற்றமில்லை, கருத்தரிப்பும் இல்லை.

மருத்துவர் மாதவிடாய் குறித்துக் கேட்டபோதுதான் இந்த நிகழ்வின் மையம் வெளிப்பட்டது. முதலில் “எல்லாம் நார்மல்தானுங்க” என்றார். கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டதும் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஜூலை நடுவில் என்றார். மூன்று மாதமாக வரவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நிறைய ஓடினால் அப்படித்தான் ஆகும் என்று குழுவில் மூத்த பெண்கள் சொல்லக் கேட்டு, அதைப் பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். ‘நார்மலா’ என்று கேட்டால் ஆம் என்ற பதிலும், தேதியைக் கேட்டால் உண்மையும் வருவதை இதற்குப் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் இசட் மதிப்பு, அதாவது அதே வயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்ட எண், மைனஸ் 1.1 என்று வந்தது. சாதாரணப் பெண்ணுக்கு இது பெரிதாகக் கவலைப்படும் எண் அல்ல. ஓட்டம் போன்ற எடைதாங்கும் பயிற்சி செய்பவருக்கு எலும்பு சராசரியைவிடச் சற்று உறுதியாக இருக்க வேண்டும் என்பதால், மைனஸ் 1-க்குக் கீழே போனாலே காரணம் தேட வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் நடைமுறை.

தட்டில் இருந்ததும் இல்லாததும்

உணவியல் நிபுணர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் வழக்கமான ஒரு வாரத்தை அவரோடு அமர்ந்து மீட்டெடுத்தார். நினைவிலிருந்து சொல்லும் உணவுக் கணக்கில் பிழை இருக்கும். கீழே உள்ள எண்களை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

காலை நாலரை மணிக்கு எழுந்து, பால் சேர்க்காத காபி குடித்துவிட்டு ரேஸ்கோர்ஸ் சுற்றுக்குப் போவார். வீடு திரும்பியதும் சமையல், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புதல், மாமியாருக்கும் கணவருக்கும் காலை உணவு. அவர் சாப்பிடுவது பத்து மணிக்கு, அலுவலக மேசையில், டப்பாவில் கொண்டுபோன இரண்டு இட்லி. முந்தைய இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டதிலிருந்து பதின்மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்; இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருப்பார். எடை கூடாமலிருக்க ஜூன் மாதத்திலிருந்து மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தார். “வெறும் வயித்துல ஓடுனாத்தானுங்க கொழுப்பு கரையும்னு எல்லாருமே சொல்றாங்க” என்று விளக்கமும் தந்தார்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் முட்டையும் கறியும் நின்றன. சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு விரதமிருந்து, மதியம் ஒருவேளை மட்டும் இலைபோட்டுச் சாப்பிட்டு, இரவு பழத்தோடு முடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மறுநாள் ஞாயிறு, குழுவின் நீண்ட ஓட்டம் நடக்கும் நாள்.

ஓட்டத்துக்குச் செலவான ஆற்றலைக் கழித்த பின், உடலின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே இங்கு முக்கியமான கணக்கு. கொழுப்பு நீங்கலான உடல் எடை அவருக்கு ஏறத்தாழ 40 கிலோ. சாதாரண நாளில் அவர் உண்டது சுமார் 1,550 கலோரி, ஓட்டத்துக்குப் போனது சராசரியாக 450 கலோரி. மிஞ்சிய 1,100-ஐ 40-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27 அல்லது 28 கலோரி. சனிக்கிழமை விரதத்தில் ஓடாமல் இருந்தும் 900 கலோரிதான், அதாவது கிலோவுக்கு 22. ஞாயிற்றுக்கிழமை 24 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் சுமார் 1,250 கலோரி செலவானது. அன்று அவர் உண்டது 1,700. மிஞ்சியது கிலோவுக்குப் பதினொன்று.

இளம்பெண்களிடம் ஐந்து நாள் கட்டுப்பாட்டுடன் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்த அளவு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது மாதவிடாயை இயக்கும் எல்ஹெச் ஹார்மோனின் துடிப்பு குலைந்தது. 45 கலோரி கிடைத்தவர்களிடம் குலையவில்லை. எலும்பு உருவாக்கத்தைக் காட்டும் குறியீடுகளும் இத்தகைய பற்றாக்குறையில் சில நாட்களிலேயே சரிகின்றன. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எல்லைக்கோடு அல்ல என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இவருடைய நாட்களில் ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டது இந்த நிலைக்குத்தான். ஆண்களும் அதில் அடங்குவார்கள்.

காரணம் குறித்த மதிப்பீடு

பயிற்சிச் சுமை கூடும்போது எலும்பு முதலில் பழைய திசுவைக் கரைத்து, பின்னர் புதியதை நிரப்புகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், நிரப்பி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். எனவே புதிய சுமை தொடங்கி மூன்று முதல் ஆறு வாரங்களில் எலும்பு தற்காலிகமாக வலுவிழந்து நிற்கிறது. மருதமலை ஓட்டம் தொடங்கியது செப்டம்பர் முதல் வாரம், வலி வந்தது அக்டோபர் இரண்டாம் வாரம். இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் டிபியாவின் மேல் சமதளத்தைவிட அதிக அடியாக விழும். ஆகவே மலை ஓட்டத்துக்கும் இதில் பங்குண்டு. நிரப்பும் வேலைக்கு வேண்டிய ஆற்றலும் ஈஸ்ட்ரோஜனும் வைட்டமின் டியும் குறைவாக இருந்த காலத்தில் அந்தச் சுமை வந்து விழுந்தது என்பதே எங்கள் முடிவு. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வால் முடியாது.

பத்து விழுக்காட்டு விதியைக் கடைப்பிடித்தும் காயம் வந்துவிட்டதே என்று குழுவினர் வியந்தார்கள். அந்த விதியின் மேல் வைக்கப்படும் நம்பிக்கைக்குச் சான்று குறைவு. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனையில், பத்து விழுக்காட்டு விதிப்படி மெல்ல ஏற்றிய பிரிவிலும் வழக்கமான திட்டத்தைப் பின்பற்றிய பிரிவிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்ற ஒரே அளவில்தான் காயங்கள் ஏற்பட்டன. தூரத்தை மட்டும் எண்ணும் விதி, மலையையும் கணக்கில் கொள்ளாது, தட்டையும் கணக்கில் கொள்ளாது.

எடுத்த முடிவுகள்

ஓட்டம் எட்டு வாரம் நிறுத்தப்பட்டது. ஜனவரி மாரத்தான் கைவிடப்பட்டது. இதை அவரிடம் சொல்வதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நொண்டாமல் நடக்க முடியும் வரை, இரண்டு வாரங்களுக்கு, வாக்கிங் பூட் அணிந்தார். மூன்றாவது வாரத்திலிருந்து நீச்சல் குளத்தின் ஆழப் பகுதியில் மிதவை இடைப்பட்டை கட்டிக்கொண்டு நீருக்குள் ஓடும் பயிற்சியும், நிலையான சைக்கிளும் தொடங்கின. இவற்றின் நேரத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தோம். ஓட முடியாத ஏக்கத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால், எலும்புக்கு ஓய்வு கிடைத்தாலும் ஆற்றல் பற்றாக்குறை அப்படியே நீடிக்கும்.

வலி மாத்திரை நிறுத்தப்பட்டது. எலும்பு ஆறுவதை அது தாமதப்படுத்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வலியையே வழிகாட்டியாக வைத்துச் சுமையை ஏற்றும்போது அந்த வழிகாட்டியை மரத்துப்போகச் செய்யக்கூடாது என்ற காரணமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மாதவிடாயை வரவழைக்க ஹார்மோன் மாத்திரை தரலாமே என்று குடும்பத்தினர் கேட்டனர். மகப்பேறு மருத்துவர் மறுத்துவிட்டார். கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு, உடல் தேறிவிட்டது என்ற பொய்யான தோற்றத்தைத் தரும். எலும்பைக் காப்பதாக நிறுவப்படவுமில்லை. இயல்பான சுழற்சி திரும்புவதே உணவு போதுமானதாகிவிட்டதைக் காட்டும் அடையாளம் என்பதால், அதை மறைக்காமல் காத்திருப்பது என்று முடிவானது.

வைட்டமின் டி வாரத்துக்கு 60,000 ஐயு வீதம் எட்டு வாரம் தரப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், காபிக்கு நெருக்கமில்லாத நேரத்தில் கொடுக்கப்பட்டது. தினமும் விழுங்குவதைவிட இப்படி எடுக்கும்போது குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது.

உணவில் முதல் மாற்றம் நேரத்தில்தான் செய்யப்பட்டது. எழுந்தவுடன் இரண்டு வாழைப்பழம் அல்லது நாலைந்து பேரீச்சம்பழத்தோடு ஒரு டம்ளர் பால். பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும், அடுப்பைப் பற்றவைக்கும் முன், முந்தைய நாளே அவித்து வைத்த முட்டையும் நேற்றைய மாவில் ஊற்றிய தோசையும். பதினொரு மணிக்கு நிலக்கடலை அல்லது சுண்டல். மதியச் சோறு பழைய அளவுக்குத் திரும்பியது, தயிரோடு. மாலையில் கேழ்வரகுப் புட்டு; நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால் மாத்திரையின் தேவை குறைந்தது. முதல் இரண்டு வாரம் 300 கலோரியும் பின்னர் இன்னும் 250 கலோரியும் கூட்டுவது என்று படிப்படியாகச் செய்தோம்.

இதில் எதிர்பாராத துணை மாமியார். வெறும் வயிற்றில் மருமகள் ஓடுவது அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லையாம். “நாஞ் சொன்னா கேக்க மாட்டா, நீங்க சொன்னாத்தான் கேப்பாளுங்க” என்று சொல்லிவிட்டு, காலைத் தோசையைத் தானே ஊற்றித் தரத் தொடங்கினார். எந்த உணவு அட்டவணையைவிடவும் இதுவே நிலைத்தது என்பது என் கணிப்பு.

திரும்பி ஓடிய மாதங்கள்

டிசம்பர் இறுதியில் எலும்பைத் தொட்டால் வலியில்லை, ஒற்றைக் காலில் குதித்தாலும் வலியில்லை. ஜனவரி முதல் வாரம், சமதளத்தில், ஒரு நிமிட ஓட்டமும் நான்கு நிமிட நடையுமாக ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினார். கெண்டைத் தசை, குறிப்பாக உள்ளே இருக்கும் சோலியஸ், எலும்பை வளைக்கும் விசையைத் தாங்கிக்கொள்வது என்பதால், முழங்காலை மடக்கிக் குதிகால் உயர்த்தும் பயிற்சியை எடையோடு செய்துவந்தார். நிமிடத்துக்கு 162 அடிகளாக இருந்த அவருடைய கால்வைப்பு 170 ஆக்கப்பட்டது. அடி குறுகினால் ஒவ்வொரு அடியின் சுமையும் குறையும்.

பிப்ரவரி நடுவில் மாதவிடாய் திரும்பியது. எடை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. ஆரம்பத்தில் இதற்கு அஞ்சியவர், சுழற்சி திரும்பியதைப் பார்த்தபின் எடை பார்க்கும் கருவியைத் தானாகவே பரணில் ஏற்றிவிட்டார்.

மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். இரவு எட்டு, ஒன்பது மணி வரை அலுவலகம்; மதிய டப்பா பல நாள் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. காலில் துளி வலியில்லை, ஓட்டம் வாரத்துக்கு 24 கிலோமீட்டர் வரை சீராக ஏறியிருந்தது. ஆனால் அந்த மாதம் மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போனது. தூரத்தை ஏற்றாமல் ஏப்ரல் நடுவரை அதே அளவில் நிறுத்தினோம். கால் நன்றாக இருக்கும்போது எதற்காக நிறுத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார், நியாயமான கேள்விதான். முதல் காயத்தின்போது கால் பேசியதற்கு இரண்டு மாதம் முன்பே மாதவிடாய் நின்றிருந்தது என்பதை அவருடைய கைபேசிப் பதிவிலேயே காட்டியதும் ஒப்புக்கொண்டார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் நான் முக்கியமானதாகக் கருதுவது இதுதான்.

ஜூனில் வாரத்துக்கு 40 கிலோமீட்டர். வைட்டமின் டி 33, ஃபெரிட்டின் 34. ஆகஸ்டில் மலையேற்றம் மீண்டும் சேர்ந்தது. முதல் ஆறு வாரம் ஏறுவது மட்டும், இறங்குவதற்கு கணவரின் ஸ்கூட்டர்.

அடுத்த புரட்டாசி வந்தபோது விரதத்தை விடச் சொல்லவில்லை, அவரும் விட்டிருக்கமாட்டார். பாலும் பழமும் அவலும் சுண்டலும் விரதத்துக்கு ஏற்றவையே என்பதை மாமியாரே உறுதிசெய்தார். ஒருவேளை இலைச் சாப்பாட்டோடு இவை சேர்ந்தன. அந்த மாதத்தின் ஞாயிறு ஓட்டம் பத்து கிலோமீட்டரோடு நின்றது. நீண்ட ஓட்டம், அவர் அலுவலகத்தில் விடுப்பு எடுத்த இரண்டு வேலை நாட்களுக்கு மாறியது. டிசம்பரில் அவர் கோவையில் 21 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு வலியின்றி முடித்தார்.

ஓராண்டுக்குப் பின் எடுத்த டெக்ஸாவில் முதுகெலும்பின் மதிப்பு மைனஸ் 0.9. கருவியின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் வேறுபாடு என்பதால் இதை முன்னேற்றம் என்று பதிவு செய்யவில்லை. மேலும் சரியவில்லை என்றே பதிவாகியுள்ளது.

மாற்றப்பட்டவை

குழுவின் சேர்க்கைப் படிவத்தில் பெண்களிடம் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்கப்படுகிறது. அதைப் பார்ப்பவர் ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. நீண்ட ஓட்டத்துக்கு முன் ஏதாவது சாப்பிட்டீர்களா என்ற கேள்வி, தண்ணீர் கொண்டுவந்தீர்களா என்ற கேள்வியைப் போலவே சாதாரணமாகக் கேட்கப்படுகிறது. எலும்பில் ஒரே புள்ளியில் வலி என்றால் ஐஸ், காலணி என்று பேச்சு நீளாமல், அன்றே ஓட்டம் நிறுத்தப்பட்டு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறது. மலையும் தூரமும் ஒரே மாதத்தில் ஏற்றப்படுவதில்லை.

ஆண்களுக்கான கேள்விகள் இன்னும் படிவத்தில் இடம்பெறவில்லை. பற்றாக்குறை அவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவும், பாலுணர்வு மங்குவதாகவும் வெளிப்படும்; தேதி கேட்டுத் தெரிந்துகொள்ளும் எளிய வழி அங்கே இல்லை. கூச்சமில்லாமல் பதில் தரக்கூடிய வடிவில் அந்தக் கேள்வியை எப்படி அமைப்பது என்று மருத்துவரோடு பேசிவருகிறோம். அந்தப் பெண்ணின் முழு மாரத்தான் திட்டம், தொடர்ந்து ஆறு மாதம் சுழற்சி தவறாமல் வந்த பிறகு முடிவு செய்யப்படும்.